சிரட்டைத் தோடு

என் காதைப் பார்த்து யாராவது "நல்ல சிவப்புக்கல்லுத் தோடு, எங்கே செய்வித்தது?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டு "கலியாணத்துக்குப் போட்டது" என்று சொல்லிவிடுவேன். அது பொய் இல்லை. ஆனால் அந்தத் தோடு என் காதுக்கு வந்த விதத்தை நினைத்தால் கழற்றிக் கக்கூசுக்குள் போடவேண்டும் போல இருக்கும். இன்னும் போடவில்லை. போடாமல் இருக்கிறேனே, அதுவும் எனக்கு அருவருப்புத்தான்.

தோட்டுக்கு உரியவர் பூரணம் மச்சாள், என் அண்ணையின் பெண்சாதி. அண்ணை கனகசபாபதி மலாயாவில் ஒரு றப்பர் தோட்டத்தில் கிளாக்கர். எங்கள் ஐயா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அன்றைக்கே அம்மாவின் காதும் கழுத்தும் வெறுமையாகின. அந்த நகைகளை விற்றுத்தான் பின்னாளில் அண்ணையைக் கப்பல் ஏற்றினோம். ஒரு லீவில் வந்தவர் சாவகச்சேரியில் மச்சாளைக் கலியாணம் செய்தார், மூன்று மாதம் இருந்தார், "வீடு கிடைச்ச உடனை கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். வீடு கிடைக்கவில்லையோ, கிடைத்ததைச் சொல்லவில்லையோ தெரியாது. மச்சாள் அச்சுவேலிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வளவில் அம்மாவோடும் என்னோடும் தங்கிவிட்டார்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அண்ணையிடமிருந்து றெஜிஸ்டர் கடிதம் வரும். உறையின் பின்புறம் சிவப்பு அரக்கில் முத்திரை குத்தியிருக்கும். மச்சாள் அந்த முத்திரை உடையாமல் ஓரத்தைக் கிழித்துத் திறந்து, உறையைக்கூட எறியாமல் றங்குப்பெட்டியில் அடுக்கி வைப்பார். ஒருமுறை தோட்டுக்கென்றே அண்ணை பவுண் அனுப்பினார். தட்டாரைக் கொண்டு நடுவில் ஒரு கல், சுற்றிவர ஆறு கல் என்று செய்வித்தோம். அதைப் போட்ட நாளிலிருந்து மச்சாள் குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. எங்கள் ஒழுங்கையில், அந்த ஒரு சின்னத் தெருவில் மட்டும், மலாயாவுக்கு ஆளை அனுப்பிவிட்டு இருந்த வீடுகள் ஆறு. எல்லா வீட்டிலும் பெண்கள் தபால்காரன் போகும் வழியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஆனால் ஒருத்தியின் காதிலும் யாரும் கை வைக்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் வைத்தார்கள். காரணம் நான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு அது வயதல்ல, வியாதி. மானிப்பாயில் ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை முத்துக்குமாரு, தமிழ்ப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். அவருடைய தாயார் வேறொன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. பெண்ணின் காதில் சிவப்புக்கல்லுத் தோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான். சண்டை இவ்வளவு நாள் இழுக்கும் என்று தெரியாமல் அம்மாவும் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிய கொஞ்ச நாளில் பவுண் கண்ணாலும் காணக் கிடைக்காமல் போனது. எங்கள் தட்டார் பட்டறையைப் பூட்டிவிட்டு மிளகாய்த் தோட்டம் கொத்தப் போய்விட்டார்.

அம்மாவின் தமையன் ஆழ்வாப்பிள்ளை மாமாதான் யோசனை கொண்டுவந்தார். அவருடைய வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். கதைக்கும்போது சிவப்பு எச்சில் கடைவாயால் வழியும், அதைத் தோளில் கிடக்கும் சால்வையால் துடைத்துவிட்டு அதே சால்வையால் முகத்தையும் துடைப்பார்.

"தங்கச்சி, இந்த வீட்டிலை ஒரு சோடி தோடு சும்மா கிடக்குதெல்லே?" என்றார்.

"சும்மா எங்கை அண்ணை கிடக்குது? அவளின்ரை காதிலையெல்லே கிடக்குது."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அம்மா, "என்ரை பிள்ளையின்ரை உழைப்புத்தானே அது" என்றார். அந்தச் சொல்லோடு எனக்கு விளங்கிவிட்டது. விளங்காதவள் மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சாளிடம் இரவல் கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பார், அது எனக்கு நிச்சயம். ஆனால் புருசன் இருக்கிற பெண்ணின் காதுத் தோட்டைக் கழற்றி இன்னொருத்திக்குப் போட்டால் ஊர் காறித் துப்பும். புருசன் இல்லாதவளின் தோடு என்றால் ஊருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆகவே அண்ணை சாகவேண்டியதாயிற்று.

மாமா அண்ணையின் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு சாத்திரியாரிடம் போனார். முதல்நாள் சாத்திரியார், "கண்டம் இருக்கு, ஆயுசு சொல்ல ஏலாது" என்றாராம். மாமா மறுநாளும் போனார். மறுநாள் சாத்திரியாருக்கு ஆயுள் தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆள் முடிந்துபோனார்.

அங்கேதான் இன்னொரு சிக்கல் வந்தது. ஆள் இப்போது செத்திருந்தால் வீட்டில் துடக்கு, ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் எதுவும் செய்யமுடியாது. கலியாணமோ ஆனி மாதத்தில். மாமா மூன்றாம் தரமும் சாத்திரியார் வீட்டுப் படலையைத் திறந்தார். அண்ணை போன வருஷம் பங்குனியில் செத்தவர் என்று முடிவாகியது.

"தூர தேசத்துச் சாவை ஒரு வருஷம் கழிஞ்சு கேள்விப்பட்டால் துடக்கே இல்லை" என்று மாமா எனக்கும் அம்மாவுக்கும் விளங்கப்படுத்தினார். "தலையிலை தண்ணி வாத்தால் சரி. சாத்திரத்திலையே கிடக்குது. அந்தியேட்டியைக் கலியாணம் முடியப் பாப்பம்."

கலியாணம் முடியப் பார்ப்போமாம்! பெற்ற பிள்ளையின் சாவுச் சடங்கைக் கலியாணப் பந்தல் பிரித்த பிறகு வசதியாகச் செய்யலாமாம். அம்மா கிணற்றடிக்குப் போய் மூன்று வாளி தண்ணீர் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. அழுதாரா, தண்ணீர் பட்டுச் சிவந்ததா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தோடு கழற்றியது ஒரு வெள்ளிக்கிழமை கழிந்த சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை கழற்றக்கூடாதாம், அதில் மட்டும் வலு கவனம். மச்சாளைக் கதிரையில் இருத்தி, மாமாவின் பெண்சாதி இரத்தினம்மா மாமி தோளைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருஷமாகத் தொடாத திருகாணி. அது இறுகிக் கிடந்தது. அம்மா நல்லெண்ணெய் விட்டு விட்டுத் திருகினார். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்.

"மாமி, அவர் சாகேல்லை" என்றார் மச்சாள் அம்மாவிடம். "உங்களைக் கும்பிடுறன். கடிதம் வரேல்லை எண்டால் செத்துப்போறதோ? உங்கை ஒழுங்கை முழுக்கத்தானே வரேல்லை."

"சாத்திரியார் சொல்லிப்போட்டார் பிள்ளை. நாங்கள் என்ன செய்யிறது?"

வலது தோடு கழன்றது. இடது தோடு கழலவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு திருகு திருகினார். காது கிழிந்து எண்ணெயோடு இரத்தமும் என் கையில் வழிந்தது.

பிறகு இரத்தினம்மா மாமி மச்சாளின் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். மச்சாள் தாலிக்கொடியைக் கைக்குள் பொத்திக்கொண்டார். "இதிலை தொட்டால் கிணத்துக்கை குதிப்பன்" என்றார். அம்மா உடனே மாமியிடம், "விடுங்கோ, அது கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பார்த்தவர்கள் அம்மாவுக்கு இரக்கம் என்று நினைத்திருப்பார்கள். இரக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. தாலியை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவார்கள், எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இப்படியாகக் கழுத்தில் தாலியோடும் காதில் ஒன்றுமில்லாமலும் ஒரு பெண்ணை எங்கள் வீட்டில் உண்டாக்கினோம். எந்தச் சாத்திரத்திலும் அப்படி ஒரு சாதி இல்லை. கிணற்றடியில் பெண்கள் அவரைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். பக்கத்து வளவில் நடந்த புதுவீட்டுப் பால் காய்ச்சலுக்கு எனக்கும் அம்மாவுக்கும் சொன்னார்கள். மச்சாளுக்குச் சொல்லவில்லை. நடந்தது என்ன என்று ஊருக்குத் தெரியும். ஆனால் கேட்பதற்கு ஊரின் வாயில் கொழுக்கட்டை.

மூன்றாம் நாள் நான் குசினிக்குள் போனபோது மச்சாள் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். துளை தூர்ந்துவிடாமல் காதில் பனங்குருத்தோலையைச் சுருட்டிச் செருகியிருந்தார். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு.

"என்ன செய்யிறியள் மச்சாள்?"

"தோடு" என்றார். தோசை என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

முற்றிய சிரட்டையில் இரண்டு துண்டு உடைத்து, கிணற்றடித் துவைகல்லில் தேய்த்துத் தேய்த்துப் பத்துச் சதக் காசு அளவுக்கு வட்டமாக்கியிருந்தார். ஓரத்தை உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டினார். பிறகு பராய் இலையால் மினுக்கினார். அந்த இலை அரத்தைப் போலச் சொரசொரப்பானது. அரை மணி நேரம் தேய்த்தால் சிரட்டை கருங்காலி மாதிரிப் பளபளக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். சாக்குத் தைக்கிற கோணூசியைத் தணலில் பழுக்கக் காய்ச்சி, நடுவில் ஒரு குழி, சுற்றிவர ஆறு குழி என்று சுட்டார். சிரட்டை கருகுகிற மணம் குசினி முழுக்க அடித்தது.

கல்லுக்கு என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். றங்குப்பெட்டியிலிருந்து அண்ணையின் கடித உறைகளை எடுத்துவந்தார். ஒவ்வொன்றாக முத்திரை அரக்கைக் கத்தி நுனியால் பெயர்த்து ஒரு பழைய கரண்டியில் போட்டார். கரண்டியைத் தணலில் பிடித்தால் அரக்கு உருகும், ஆனால் அதிகம் சூடாகினால் கறுத்துவிடும். "பத்மா, மெல்லமாய் ஊது" என்றார். நான் ஊதினேன். ஈர்க்கு நுனியால் தொட்டுத் தொட்டுக் குழிக்குள் ஒவ்வொரு சொட்டாக விட்டார். ஆறியதும் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தார். ஏழு சிவப்புக் கல். நாலடி தள்ளி நின்று பார்த்தால் தட்டார் வேலைதான். ஒரு சதம் செலவில்லை.

நான் அழத் தொடங்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அடுப்பை ஊதியவளுக்காகத்தானே அலுமாரிக்குள் மற்றச் சோடி துணியில் சுற்றிக் கிடந்தது.

"ஏன் அழுறாய்? நான் நகைக்காக உதைச் செய்யேல்லை" என்றார் மச்சாள். "காது மூளியாய் நான் இந்த வீட்டு முத்தத்திலை நடந்தால், அவர் செத்தது சரி எண்டு நானும் ஒத்துக்கொண்டமாதிரி. அவர் எங்கையோ ஒரு காட்டுக்கை உயிரோடை கிடந்து வழி பாத்துக்கொண்டிருப்பார். இஞ்சை நான் ஒருத்தி எண்டாலும் அவரை உயிரோடை வைச்சிருக்க வேண்டாமே?"

முதலில் தண்டுக்குச் சைக்கிள் விளக்கிலிருந்து கழற்றிய செப்புக் கம்பியைத்தான் வைத்தார். அது பெரிய பிழை. ஒரு கிழமையில் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியது. கிழிந்த இடது காது வீங்கி, சீழ் பிடித்து, பக்கத்தில் போனால் மணத்தது. இலையான் வந்து மொய்க்க, மச்சாள் ஒரு கையால் விசுக்கிக்கொண்டே மறு கையால் மா இடித்தார். அம்மா குசினி வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாத்தியே, செத்தவனுக்கே பொறுக்கேல்லை. கழட்டி எறி உந்தக் குப்பையை" என்றார். எனக்குச் சீழைப் பார்த்து அருவருக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அருவருத்தது.

மச்சாள் கழற்றி எறியவில்லை. வேப்பிலை அவித்த தண்ணீரால் காதைக் கழுவினார். கம்பியைப் பிடுங்கிவிட்டு, பச்சை வேப்பங்குச்சியைச் சீவி அரக்கால் ஒட்டித் தண்டாக்கினார். பின்னால் கழலாமல் ஓலைச் சுருளை இறுக்கினார். பத்து நாளில் புண் ஆறிவிட்டது. ஆழ்வாப்பிள்ளை மாமா கண்டுவிட்டு, "சிரட்டையைக் காதிலை கொழுவின சிங்காரி" என்று முற்றத்தில் நின்று கெக்கட்டம் விட்டுச் சிரித்தார். மச்சாள் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார், தலையைக் குனியாமல்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் நடந்ததைத்தான் நான் வருஷக்கணக்காக யாருக்கும் சொல்லவில்லை.

அம்மா விடியக் குளித்துவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார். குடையை விட்டுவிட்டுப் போனதால் நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அம்மா மூலத்தானத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார். ஐயர் அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உரத்த குரலில் நட்சத்திரமும் பெயரும் சொல்லிக்கொண்டிருந்தார். அத்த நட்சத்திரம், கன்னி ராசி, கனகசபாபதி நாமதேயம்.

என் காது கூசியது. அன்றைக்கு அத்தம், அண்ணை பிறந்த நட்சத்திரம். அம்மா மாதாமாதம் அத்தத்தில் அண்ணையின் ஆயுளுக்கு அர்ச்சனை செய்கிறவர். தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகும் அதை விடவில்லை. செத்தவன் பெயரில் யாராவது ஆயுளுக்கு அர்ச்சனை செய்வார்களா? மச்சாளின் காதைக் கிழித்தபோதும் அம்மாவுக்குத் தெரியும், தன் பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான் என்று. ஊருக்கு அவனைச் சாக்கொடுத்தாயிற்று. ஆனால் பிள்ளையாரும் அதை நம்பிவிடக் கூடாதே என்ற பயம் அம்மாவுக்கு!

வீதியில் வைத்துக் கேட்டேன். "அம்மா, செத்த ஆளுக்கு அர்ச்சனை செய்யிறவையோ?"

அம்மா நின்றார். திருநீறு காயாத முகம். "வாயை மூடு" என்றார். "உனக்குக் கலியாணம் வேணுமோ, வேண்டாமோ?"

நான் வாயை மூடினேன். வீட்டுக்கு வந்து மச்சாளின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், மச்சாளுக்கு அந்தத் தெம்பாவது கிடைத்திருக்கும். சொன்னால் தோடு திரும்பிப் போகும், தோடு போனால் மானிப்பாய் போகும். எனக்கு இருபத்தாறு வயது. அம்மா மேலே எனக்கு வந்த அருவருப்பில் பாதி அன்றைக்கே என் மேலேயும் திரும்பிவிட்டது.

கலியாணம் நடந்தது. மணவறையில் நான் தோட்டோடு இருந்தேன். மாமியார் என் காது மடலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, "நல்ல கல்லு" என்றார். மச்சாளை முன்பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பின்வளவில் பந்திக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். புறப்படும்போது நான் போய்ச் சொல்லிக்கொள்ளக்கூடத் துணியவில்லை. மானிப்பாய்க்குப் போகிற காருக்குள் ஏறியபோது காது பாரமாக இருந்தது.

சண்டை முடிந்த வருஷம் கார்த்திகையில் கடிதம் வந்தது. அண்ணை உயிரோடு இருக்கிறார், கப்பல் கிடைத்ததும் வருகிறார். ஊர் முழுக்க எங்கள் வளவுக்குள் திரண்டது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நான் சொன்னனான், என்ரை பிள்ளை சாகாது எண்டு" என்றார். ஒருவரும் "எப்ப சொன்னனீங்கள்?" என்று கேட்கவில்லை. மாமா, "சாத்திரியாருக்குக் கணக்குப் பிழைச்சுப்போச்சு" என்று சொல்லி வெற்றிலையைத் துப்பினார். அவ்வளவோடு அந்தப் பாவம் கழுவப்பட்டுப் போயிற்று.

மானிப்பாயில் நான் தோட்டைக் கழற்றப் போனேன். இவர், என் புருசன், தடுத்தார். "போட்ட நகையைக் கழட்டிக் குடுக்கிறது என்ன பழக்கம்? அண்ணை வரட்டும். அவர் ஒரு ஞாயம் சொல்லுவார்" என்றார். நானும் சரி என்றேன். எனக்கும் அது லேசாக இருந்தது. மச்சாளிடம் போய்ச் சொன்னபோது அவரும் அதையே சொன்னார்: "அவர் வரட்டும் பத்மா. அவர் வந்து தன்ரை கையாலை போடட்டும்." அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் முன்னர் கண்டதில்லை.

மாசியில் அண்ணை வந்தார். யாழ்ப்பாணத்தில் றெயிலால் இறங்கி, வாடகைக் காரில் வந்தார். ஆள் வற்றிப்போய், முன்பல் இரண்டு இல்லாமல், தலைமயிர் கொட்டிப்போய் இருந்தார். பட்ட பாடு தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. எல்லோரும் அழுதோம். மச்சாள் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணை அவரைப் பார்த்து, "சுகமே?" என்று கேட்டார். "ஓம்" என்றார் மச்சாள்.

மறுநாள் பின்னேரம் ஊர்ச்சனம் அண்ணையைப் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா பலகாரம் சுட்டார். நானும் இவரும் மானிப்பாயிலிருந்து மத்தியானமே போய்விட்டோம். அண்ணை சவரம் செய்து, பட்டுச் சால்வை போட்டு விறாந்தையில் கதிரையில் இருந்தார். மாமா பக்கத்தில். அம்மா சொல்லமாட்டார், மச்சாளும் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே நானே எல்லாவற்றையும் சொன்னேன். சாத்திரியார், பங்குனி மாதம், கிழிந்த காது, அர்ச்சனை, என் காதில் கிடந்த தோடு, எதையும் விடவில்லை. மூன்று வருஷமாக வயிற்றுக்குள் கிடந்து நாறியதைக் கக்கியது போல இருந்தது.

அண்ணை சிரித்தார்.

"அப்ப நான் ஒருக்கால் செத்துப் பிழைச்சிருக்கிறன் எண்டு சொல்லு" என்றார். மாமாவும் சிரித்தார். அம்மாவும் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணை, நான் பகிடி கதைக்கேல்லை."

"தெரியும் பிள்ளை. அம்மாவும் என்ன செய்யிறது? உனக்கும் வயது போகுது. நான் இஞ்சை இருந்திருந்தாலும் அந்தத் தோட்டைத்தான் குடுக்கச் சொல்லியிருப்பன்."

"நீங்கள் இருந்திருந்தால் மச்சாளைக் கேட்டிருப்பியள். அவவும் தந்திருப்பா. உங்களைச் சாக்காட்டத் தேவையில்லை."

"சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. இப்ப நான் வந்திட்டன்தானே?"

அந்நேரம் மச்சாள் தட்டில் வெற்றிலை கொண்டுவந்தார். குளித்து, கலியாணச் சேலை உடுத்திருந்தார். அண்ணை நிமிர்ந்து அவருடைய காதைப் பார்த்தார். வந்த பிறகு அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தார் போலும்.

"உதென்ன?"

"தோடு" என்றார் மச்சாள்.

"உதோ தோடு? சிரட்டையெல்லே!" முகம் சுருங்கியது. "உதைக் கழட்டும். இப்ப சனம் வரப்போகுது. மலாயாவாலை வந்தவன்ரை பெண்சாதி சிரட்டையைக் கொழுவிக்கொண்டு நிண்டால் என்னை என்னெண்டு நினைக்குங்கள்?"

"கழட்டினால் காது வெறுமையாய் இருக்கும்."

"ஒரு பின்னேரம் இருந்தால் என்ன? முன்னுக்கு வராமல் உள்ளை இரும்."

மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அண்ணையிடம் கேட்டார்: "பத்மாவின்ரை காதிலை கிடக்கிறதை என்ன செய்யிறது?"

"அது அவளுக்குப் போன சாமான். கலியாணத்துக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? பவுண் மலியட்டும், பிறகு பாப்பம். இப்ப உதைக் கழட்டும், கெதியாய்."

என் கை காது வரை போனது. திருகாணியில் விரல் பட்டது. இவர் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

மச்சாள் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார். ஓலைச் சுருளைத் தளர்த்தி, முதலில் வலதைக் கழற்றினார், பிறகு இடதைக் கழற்றினார். அம்மா அன்றைக்குப் பட்ட பாடு இல்லை, இரண்டும் சுகமாகக் கழன்றன. யார் சொல்லியும் கழற்றாதவர், யாருக்காகப் போட்டாரோ அவர் சொல்லிக் கழற்றினார். இரண்டையும் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தார். இடது காது மடல் நடுவில் பிளந்து ஒட்டியிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணை அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

மச்சாள் குசினி வாசலுக்குப் போனார். அம்மா பலகாரச் சட்டியோடு நின்றார்.

"மாமி" என்றார் மச்சாள். குரல் உயரவில்லை. "நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரி. நான்தான் நம்பேல்லை. அவர் அங்கையே முடிஞ்சுபோனார்."

அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. மாமா எச்சிலை விழுங்கினார். அண்ணை, "என்ன கதைக்கிறா உவ? விசரோ?" என்று எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். அதற்குள் படலையடியில் ஆட்கள் கூப்பிடும் சத்தம் கேட்டது. அண்ணை எழுந்து சால்வையைச் சரிசெய்து, முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு அவர்களை வரவேற்கப் போனார்.

மச்சாள் பின்வளவு வேலிக் கடப்பால் வெளியே போனார். கையில் ஒன்றும் இல்லை. சாவகச்சேரியில் தாய் வீட்டுக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருவர்கூட மறிக்கவில்லை. வந்த சனத்துக்குப் பலகாரம் கொடுக்க ஆள் வேண்டும் என்று அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.